சுற்றுலா வண்டி

இந்த மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், சத்தம் நின்றுவிடும். ஆள் வைத்துக் கழற்ற வேண்டியதில்லை. என் அறையிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயை வீட்டிலிருந்து கொண்டுபோய் நானே விட்டேன். தலைக்கு மேலே கிறீச் கிறீச்சென்று கேட்டுக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் மனம்விட்டுப் பேச மாட்டார். உங்கள் வேலையும் என் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வண்டி ஓட்டுநரை நேற்று நெடுநேரம் உட்கார வைத்து விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகுட்டிக்காரர். நான் சொன்னதைச் செய்தார், நான் சொல்லாததைச் செய்யவில்லை. என் தப்புக்கு இன்னொருவர் தலை உருளுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே என் சுபாவம் அப்படி. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் கோர்வையாக வரும்.

தடுப்பு மையத்தில் நான் நல அலுவலர். உரிய தாள்கள் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதா, இருக்கவிடுவதா என்று முடிவாகும்வரை அங்கே வைத்திருக்கிறோம். அதைச் சிறை என்று யாராவது சொன்னால் எங்கள் கண்காணிப்பாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிறையில் இருப்பவனுக்காவது வெளியே போகிற தேதி தெரியும், ஆகவே இது சிறை இல்லைதான் என்று காவலர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள். கட்டடம் முன்பு மீன் வைக்கிற குளிர்பதனக் கிடங்காக இருந்தது. குளிர் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய சுவர்கள், ஜன்னலே கிடையாது. இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள், ஈரம் மட்டும் தங்கிவிட்டது. கூடங்களின் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை ஏறும். சுண்ணாம்பு அடிப்போம், மறுபடி ஏறும். திறந்து மூடுகிற ஜன்னல் என் அறைக்கு மட்டும்தான் இருந்தது.

இரண்டு பேர் படுக்கிற இடத்தில் மூன்று பேர் படுத்தார்கள். ஒருவர் பேசுவதை நிறுத்தி, நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவர், ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோவார்களே என்று, ஸ்பூனின் பிடியை ஒடித்து விழுங்கினார். அதன் பிறகு அவருக்கு ஸ்பூன்காரர் என்றே பெயராகிவிட்டது. இப்படிப்பட்டவர்களிடம் உட்கார்ந்து பேசி, ஆறுதல் சொல்லி, அவர்களை அமைதியாக வைத்திருப்பது என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன். குரலை உயர்த்தியதே இல்லை. என்னைவிட மூத்தவர்கள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எது கேட்டாலும், "நான் சொல்றேன்" என்பேன். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். கேட்டவர்களும் ஒரு நம்பிக்கையோடு திரும்பிப் போவார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் கடல் தாண்டி வேலைக்குப் போனவர். முதலில் வாரம் தவறாமல் பேசினார், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டார். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் நான் மட்டும்தான். மாலையில் போய்க் கதவைத் திறந்தால், காலையில் நாற்காலியில் போட்ட துண்டு போட்டபடியே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட நான் மையத்துக்கு வந்துவிடுவேன். கடமை உணர்ச்சி என்று கண்காணிப்பாளர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். நானும் மறுத்ததில்லை.

டீச்சர் வந்தது போன மழைக்காலத்தில். அவள் நாட்டில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், அதனால் கூடத்தில் எல்லோருக்கும் டீச்சர். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை. குழந்தைகளை மையத்தில் வைக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், அந்தச் சுவர்களுக்கு நடுவே குழந்தை எப்படி இருக்கும்? ஆகவே அன்றைக்கே குழந்தையைப் பிரித்துக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினோம். வண்டியில் ஏற்றியது நான்தான். அழுதுகொண்டே வந்த குழந்தை பாதி வழியில் என் மடியில் தூங்கிப்போனது. தூக்கத்தில் கையை நீட்டி என் காதைப் பிடித்துக்கொண்டது.

டீச்சருக்கு மூச்சு இழுப்பு உண்டு. இன்ஹேலர் இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அழுத்தம் ஏற்றிய குப்பி எதையும் கூடத்துக்குள் அனுமதிப்பதில்லை. அதனால் அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. காலையிலும் மாலையிலும் அவள் என் அறைக்கு வருவாள், இழுத்துக்கொள்வாள், மூச்சு சீராகும்வரை ஜன்னல் பக்கம் உட்காருவாள். அப்படித்தான் பேச ஆரம்பித்தோம்.

நான் பிறரைப் பேச வைத்தே பழகியவள். அவள் என்னைப் பேச வைத்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பேச வைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. என் கணவரைப் பற்றி வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "போனது போகட்டும் அக்கா. அந்த ஆளுக்கு இனிமே துவைச்சுப் போட வேண்டியதில்லையே, அதை நினைச்சுப் பாருங்க" என்றாள். நான் சிரித்தேன். அந்த அறையிலிருந்து என் சிரிப்புச் சத்தம் கேட்டு, காவலர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் புடவை நிறம் சரியில்லை என்பாள், தலையை ஏன் இப்படி இழுத்துக் கட்டுகிறீர்கள் என்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்றுதான் இப்போதும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்திலிருந்து குழந்தை பேசும். அந்த அழைப்பும் என் அறைத் தொலைபேசிக்குத்தான் வரும். அம்மா என்னை அக்கா என்பதால் குழந்தைக்கு நான் பெரியம்மா. டீச்சர் வந்து சேரும்வரை நான் பேசிக்கொண்டிருப்பேன். என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய் என்று கேட்பேன். எனக்கு வாரம் அந்த அழைப்பில்தான் ஆரம்பித்தது.

மையத்துக்கு மருத்துவர் ஒருவர் வந்துபோவார். அவர் ஒருநாள் டீச்சரைப் பரிசோதித்துவிட்டு, "இன்ஹேலரை அவங்க கையிலயே குடுத்துடுங்க. ராத்திரியில இழுப்பு வந்தா உங்களை எங்க தேடுவாங்க? விதிவிலக்கு உண்டு, நான் சொன்னதா வச்சுக்கோங்க" என்றார். சரி என்றேன். அதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. கண்காணிப்பாளரிடமும் சொல்லவில்லை. கையில் கொடுத்துவிட்டால் அவள் எதற்காக என் அறைக்கு வரப் போகிறாள்? இரவில் இழுப்பு வந்தால் விடிகிறவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று கூடத்தில் இருப்பவர்கள் சொன்னார்கள். காலையில் அவள் வந்ததும் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து நானே எடுத்துக் கொடுப்பேன். ஒருநாளும் காக்க வைத்ததில்லை.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

சட்டப்படி ஒரு நீதிபதி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து, கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவரையும் நேரில் பார்க்க வேண்டும். அவர் முன்னால் நின்று, என் வழக்கை எடுங்கள் என்று யார் வாயால் கேட்டாலும், அந்த வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மனு எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்றால், மனு எங்கள் வழியாகத்தான் போக வேண்டும், எங்கள் வழியாகப் போனது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே அந்த மக்களுக்கு இருந்த ஒரே வாசல் நீதிபதி வருகிற நாள்தான். அதற்குப் பார்வை நாள் என்று பெயர். தேதியை முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். ஆனால் காலையில் தரைக்குப் பினாயில் போட்டுக் கழுவினால், எல்லோரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தலை வாரிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

ஸ்பூன்காரரையும் இன்னும் சிலரையும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அன்று தற்செயலாகப் பார்வை நாள் வந்துவிட்டது. கத்திப் பேசக்கூடியவர்கள் எல்லோரும் வண்டியில் போயிருந்தார்கள். நீதிபதி வந்தார், முதல் கூடத்தைப் பார்த்தார், குறை ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். கண்காணிப்பாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. வண்டியில் இருப்பவர் கட்டடத்துக்குள் இல்லை. மையத்தின் பொறுப்பில் இருக்கிறார், ஆனால் மையத்தில் இல்லை. சட்டம் அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் இதைக் கண்காணிப்பாளரிடம் சொன்னபோது, அவர் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பார்வை நாள் காலையில் வண்டி புறப்படும். வெளியே கேட்டால் ஆஸ்பத்திரிப் பரிசோதனை. உண்மையில் அது எங்கும் போகாது, சும்மா ஊரைச் சுற்றும், நீதிபதி போய்விட்டார் என்று நான் தொலைபேசியில் சொன்னதும் திரும்பும். காவலர்கள் அதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்தார்கள். யார் யார் போக வேண்டும் என்று நான் முடிவு செய்வேன். யாருக்குப் பேச வரும், யாருக்கு வராது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பெயர்களை ஓட்டுநரிடம் வாயால் சொல்வேன். எழுதிக் கொடுத்ததில்லை.

டீச்சர் தன் முதல் பார்வை நாளுக்குத் தயாரானது என் அறையில்தான். என்னை நீதிபதியாக நடிக்கச் சொன்னாள். நான் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு, குரலைக் கனமாக்கி, என்ன வேண்டும் என்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நேராக நின்று பேசினாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரலைங்க. என் பொண்ணு என் காதைப் பிடிச்சுக்கிட்டாதான் தூங்குவா. இப்ப யார் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறான்னு எனக்குத் தெரியல. என் வழக்கை எடுத்து விசாரிங்க. திருப்பி அனுப்புறதுன்னு முடிவு பண்ணினாக்கூடச் சரி, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்க."

அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேர் நீதிபதி முன்னால் உளறிக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இவள் பேசினால் கல்லும் கரையும். வழக்கை எடுப்பார்கள், ஒரே வாரத்தில் போய்விடுவாள். எப்படி இருந்தது அக்கா என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னேன், அது உண்மை. மறுநாள்தான் பார்வை நாள். காலையில் ஓட்டுநரிடம் பெயர்களைச் சொல்லும்போது அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

முதல் தடவை அவள் சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தாள். வண்டி ஜன்னல்களுக்குத் துளை போட்ட தகரம் அடித்திருக்கும். அந்தத் துளை வழியாகப் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்தாளாம். கூடத்துக்குப் போனதும் நீதிபதி வந்துபோன சேதி தெரிந்தது. நான் அவளை அழைத்து, திடீரென்று வந்துவிட்டார், எனக்கே தெரியாது, அடுத்த தடவை கட்டாயம் நீ பேசலாம் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அடுத்த தடவையும் அப்படியே ஆனது. அவளுக்கு இழுப்பு அதிகமாயிற்று. காலை மாலை என்பது போய், நடுவிலும் வர ஆரம்பித்தாள். முன்பு போலச் சிரிப்பு இல்லை. இருந்தாலும் வந்தாள், உட்கார்ந்தாள், நான் பேசினேன்.

பிறகு இல்லத்து வார்டன் அம்மா எனக்குத் தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னார். பிள்ளை இல்லாத ஒரு தம்பதி வந்து குழந்தையைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். தாயின் வழக்கு இந்தப் பள்ளி விடுமுறைக்குள் விசாரணைக்கு வராவிட்டால் குழந்தையை அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது. இதை நான் டீச்சரிடம் மறைக்கவில்லை, பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி என் காலைப் பிடித்துக்கொண்டாள். படித்தவள், எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"அக்கா, இந்தத் தடவை என்னை வண்டியில ஏத்தாதீங்க. கால் ஒடிஞ்சாக்கூட ஆஸ்பத்திரி வேணாம். நான் நீதிபதி முன்னாடி நின்னே ஆகணும். இதை விட்டா எனக்கு வேற வழியே இல்ல அக்கா."

அவளை எழுப்பி உட்கார வைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். அன்று மாலை வீட்டுக்குப் போனேன். துண்டு நாற்காலியில் கிடந்தது. அவள் இல்லாத என் அறையை நினைத்துப் பார்த்தேன். ஜன்னல், நாற்காலி, தொலைபேசி, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வயதில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை, கணவர் எண்ணை மாற்றியபோதுகூட.

அடுத்த பார்வை நாளில் பினாயில் வாசனை வந்ததுமே, யாரும் கூப்பிடாமல் டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் கழுவி, இருந்ததில் நல்ல உடையைப் போட்டிருந்தாள். வண்டி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவளை இழுத்து ஏற்றச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மாதிரி முரட்டுத்தனம் பிடிக்காது.

"ஒரு நல்ல சேதி. பாப்பாவைப் பார்க்க அனுமதி கிடைச்சிருக்கு. வண்டி இன்னைக்கு இல்லத்துக்குத்தான் போகுது. நீதிபதி சாயங்காலம்தான் வர்றாங்க, அதுக்குள்ள திரும்பிடலாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நிஜமாவா அக்கா?" என்றாள்.

"நான் எப்ப உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

அவ்வளவு போதுமானதாக இருந்தது. என் சீப்பைக் கேட்டு வாங்கினாள். வகிடு கோணலாகப் போனதால் நானே தலையை வாரிவிட்டேன். இழுப்பறையைத் திறந்து என்னுடைய கிளிப் ஒன்றை எடுத்துக் குத்திவிட்டேன். குழந்தைக்கு அடையாளம் தெரியுமா, நான் மெலிந்துவிட்டேனே என்று கேட்டாள். காதைக் காட்டு, தெரிந்துகொள்வாள் என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் ஓடினாள் என்றே சொல்ல வேண்டும், வண்டியை நோக்கி அப்படி யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. அவசரத்தில் இன்ஹேலரைக் கேட்க மறந்துவிட்டாள். அது இழுப்பறையில் கிளிப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வழக்கமாக வருகிற நீதிபதி முதல் கூடத்தோடு நிறுத்திக்கொள்பவர். அன்று வந்தவர் புதியவர், ஒரு பெண்மணி. ஒவ்வொரு கூடமாகப் போனார். சுவரில் கையை வைத்து ஈரத்தைப் பார்த்தார், விரலை முகர்ந்தார். யார் எங்கே படுக்கிறீர்கள், படுத்துக் காட்டுங்கள் என்றார். கண்காணிப்பாளர் வியர்த்து வழிந்துகொண்டு பின்னாலேயே போனார். மதியமும் தாண்டியது. வண்டி ஊரைச் சுற்ற எரிபொருள் போதாமல், பழைய பேருந்துப் பணிமனையின் வெட்டவெளியில் நின்றது.

ஓட்டுநர் முதலில் கூப்பிட்டபோது, இல்லம் எப்போது வரும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என்ன சொல்வது என்றார். போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். வண்டி நின்றுகொண்டிருக்கிறதே என்றார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இரண்டாவது தடவை, அவள் விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டாள், அழுது அழுது மூச்சு வாங்குகிறது, மருந்து உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறாள் என்றார். காற்று வருகிற பக்கம் உட்கார வையுங்கள் என்றேன்.

மூன்றாவது தடவை மணி அடித்தபோது நீதிபதி என் அறைக்கு வந்துவிட்டிருந்தார். டீச்சர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, கட்டடத்திலேயே இங்கேதான் மூச்சு விட முடிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை எடுத்தேன். வண்டிக்குள் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஸ்பூன்காரராக இருக்கும்.

"மேடம், உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கு. இறக்கிடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

என் வார்த்தை இல்லாமல் அவர் யாரையும் இறக்க முடியாது. இறக்கினால் தப்பிக்க உதவியதாக அவர் மேல் வழக்கு வரும். அவருக்கு முன்னால் இருந்த ஓட்டுநர் அப்படித்தான் உள்ளே போனார்.

"இருங்க. நான் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அவசரமா என்று நீதிபதி கேட்டார். வண்டி விஷயம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் முழங்கையை என் மேஜையில் ஊன்றியிருந்தார். அதற்கு நேர் கீழே இழுப்பறை. பிறகு அவர் எழுந்துகொண்டே, "நான் பார்க்காதவங்க இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நல்ல மனுஷி. சும்மா கேட்கவில்லை, பதிலுக்காக நின்றார்.

"யாரும் இல்லைங்க" என்றேன்.

அவர் கார் வாசலைத் தாண்டியதும் ஓட்டுநரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இனி அவசரம் இல்லை மேடம் என்றார்.

அவளை மையத்துக்கே கொண்டுவந்தார்கள். தலை கலையாமல் இருந்தது. என் கிளிப் அப்படியே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

கண்காணிப்பாளர் என்னைத் தேற்றினார். ஏற்கெனவே நோயாளி, இயற்கை மரணம், நீங்கள் எதற்கும் கவலைப்படாதீர்கள் என்றார். இன்ஹேலரைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன் என்று எழுதச் சொன்னார், நானும் எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் இப்போது திருத்த விரும்புகிறேன். நான் மறக்கவில்லை. கிளிப்பை எடுக்கும்போது என் விரல் அதில் பட்டது. ஒருமுறை கையில் கொடுத்துவிட்டால் அது அவள் கையிலேயே தங்கிவிடும், மருத்துவர் சொன்ன விஷயமும் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். இழுப்பறையை மூடினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கண்காணிப்பாளர் மேல் எனக்கு மரியாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும். டீச்சரை வண்டியில் ஏற்றச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவரே ஒருமுறை, "அந்த டீச்சரம்மா பாவம், சத்தம் போடாதவங்க. அவங்க நீதிபதியைப் பார்த்துட்டுப் போகட்டுமே, நமக்கு ஒரு ஆள் குறையும்" என்றார். நான் சொல்றேன் என்று பதில் சொன்னேன். மையத்தின் பெயரைக் காப்பாற்ற நான் அதைச் செய்ததாக உங்கள் குறிப்பில் இருப்பதாகத் தெரிகிறது. அப்படி இல்லை. மற்றவர்களை மையத்துக்காக ஏற்றினேன். அவளை எனக்காக ஏற்றினேன். அவளைக் கொன்றது நான்தான். ஆனால் அவள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல் என் அறைத் தொலைபேசி அடித்தது. இல்லத்துக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மருத்துவர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். குழந்தை விடவில்லை. "அம்மா பேச வேணாம் பெரியம்மா. போனை அம்மா காதுல வைங்க, நான் பேசுறேன்" என்றது.

வைத்துக்கொண்டேன், என் காதில். அது நிறையப் பேசியது. பல் விழுந்ததாம். கூரையில் போட்டார்களாம், புதுப்பல் வரும்போது அம்மாதான் முதலில் பார்க்க வேண்டுமாம். நான் சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வருகிற ஞாயிறும் அது கூப்பிடும். எடுக்க ஆள் இல்லாவிட்டால் பயந்துபோகும். என்னை எங்கே வைத்தாலும் சரி, அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் அறையில் இருக்க அனுமதி கொடுங்கள். தாயில்லாத பிள்ளை, நாம்தான் அனுசரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.